சுருட்டை முடியா? பார்லர் நாற்காலியில் உட்காரும் முன் இதைப் படிங்க!

"முடி ரொம்ப டிரையா இருக்கே... ஒரு ஸ்மூத்தனிங் பண்ணிடலாமா மேடம்?"

சுருட்டை முடி உள்ள பெண்களுக்கு மிகவும் பழகிப்போன கேள்வி இது. நுனியை மட்டும் டிரிம் செய்துகொள்ளலாம் என்றுதான் பார்லருக்குப் போயிருப்பார்கள். உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள், முடியில் ஏதோ குறை இருப்பதுபோலவும் அதைச் சரிசெய்ய ஒரு பேக்கேஜ் இருப்பதுபோலவும் பேச்சு திரும்பிவிடும். சிலர் சிரித்து மறுத்துவிடுவார்கள். பலர் தயங்கித் தயங்கித் தலையாட்டிவிடுவார்கள்.

தலையாட்டியதற்கான விலை சில ஆயிரம் ரூபாயோடு போய்விட்டால் பரவாயில்லை. முடி கொத்துக்கொத்தாக உடைவது, தலைத்தோல் புண்ணாவது என்று அது நீளலாம். அபூர்வமாகச் சிலருக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

சுருட்டை முடியைக் குறையாகப் பார்க்காமல், அதன் இயல்பிலேயே அழகாக வைக்கத் தெரிந்த ஸ்டைலிஸ்ட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? என்ன கேட்க வேண்டும், எதற்கு 'வேண்டாம்' சொல்ல வேண்டும்? பார்க்கலாம்.

சுருட்டை முடி ஏன் வேறு மாதிரி?

முடி நேராக வளருமா, சுருளுமா என்பது தலைத்தோலுக்கு உள்ளேயே முடிவாகிவிடுகிறது. முடி முளைக்கும் வேர்ப்பை வளைந்து இருந்தால் முடியும் சுருண்டு வளரும். அப்படிப்பட்ட முடி இழையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. எனவே, எந்த கிரீமும் வேரை மாற்றாது. இன்று நேராக்கினாலும், அடுத்து முளைக்கும் முடி சுருட்டையாகத்தான் வரும்.

இந்த வளைவினால் மூன்று விஷயங்கள் மாறுகின்றன. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய், நேரான முடியில் எளிதாக நுனிவரை இறங்கிவிடும். சுருள்களில் அது இறங்குவது கஷ்டம். அதனால்தான் சுருட்டை முடியின் நுனி எப்போதும் வறண்டு இருக்கிறது. 'டிரை ஹேர்' என்று பார்லரில் சொல்வது நோயல்ல, அதன் இயல்பு.

இரண்டாவது, நீளம். ஈரமாக இருக்கும்போது தோள்பட்டைக்குக் கீழே தொங்கும் முடி, காய்ந்ததும் காதுவரை ஏறிவிடலாம். நேரான முடியைப் போல ஈரத்தில் இழுத்துப் பிடித்து வெட்டினால், வீட்டுக்கு வந்து காய்ந்த பிறகுதான் அதிர்ச்சி காத்திருக்கும்.

மூன்றாவது, காற்றின் ஈரப்பதம். முடியில் உள்ள ஒருவகைப் பிணைப்புகள் தண்ணீர் பட்டால் விடுபட்டு, காய்ந்தால் மீண்டும் சேரும். அயர்ன் செய்த முடி சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வெளியே வந்த சிறிது நேரத்தில் பழையபடி சிலுப்பிக்கொள்வது இதனால்தான். பார்லர் ஏ.சி-க்குள் அழகாகத் தெரிவதும், பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது எப்படி இருக்கிறது என்பதும் வேறு வேறு.

இந்த மூன்றும் தெரிந்த ஸ்டைலிஸ்ட் கழுவுவது, வெட்டுவது, உலர்த்துவது எல்லாவற்றையும் வேறு மாதிரி செய்வார். தெரியாதவருக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும்... நேராக்குவது!

அமெரிக்காவில் தொடங்கிய பேச்சு

'இயற்கையான முடி' என்பது நமக்கு அழகுக்குறிப்பு. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கு அது உரிமைப் பிரச்னை. அடிமை முறைக் காலத்திலிருந்தே அவர்களின் அடர்த்தியான சுருள் முடி 'ஒழுங்கற்றது' என்று இழிவுபடுத்தப்பட்டது. வேலைக்குப் போக, மதிப்பாக நடத்தப்பட, முடியைச் சுடவைத்த சீப்பாலும் காரம் நிறைந்த 'ரிலாக்ஸர்' கிரீம்களாலும் நேராக்கிக்கொண்டார்கள். 1960-களில் 'கறுப்பே அழகு' என்ற முழக்கத்தோடு 'ஆஃப்ரோ' எழுந்தபோது, முடியை அப்படியே விடுவது ஓர் அரசியல் அறிவிப்பாகவே ஆனது.

ஆனாலும் மாற்றம் எளிதாக வரவில்லை. சிறு சிறு பின்னல்களோடு வேலைக்கு வரக் கூடாது என்ற விமான நிறுவனத்தை எதிர்த்து ஒரு கறுப்பினப் பெண் ஊழியர் தொடுத்த வழக்கில், 1981-ல் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே நின்றது. முடியின் தன்மையையும் பின்னல் முறையையும் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற 'கிரவுன் சட்டம்' 2019-ல்தான் கலிஃபோர்னியாவில் முதலில் வந்தது. பிறகு பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின.

நாம் கவனிக்க வேண்டியது இன்னொரு சட்டத்தை. அழகுக்கலை உரிமம் பெறுவதற்கான பயிற்சியில் எல்லா வகை முடியையும் கையாளக் கற்பிக்க வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் 2023-ல் சட்டம் கொண்டுவந்தது. அதாவது, உரிமம் பெற்ற ஸ்டைலிஸ்ட்டுக்கே சுருள் முடியை வெட்டத் தெரியாமல் இருக்கலாம் என்பதை அரசே ஒப்புக்கொண்டது. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழை மட்டும் நம்பக் கூடாது என்பது நம் ஊருக்கும் பொருந்தும் பாடம்.

நம் ஊர்க் கதை என்ன?

சட்டம் எதுவும் தடுக்காவிட்டாலும், சுருட்டை முடிக்கு நம் ஊரிலும் கேலி உண்டு. 'பரட்டை', 'குருவிக்கூடு', 'தேங்காய் நார்' என்று பள்ளியிலேயே பட்டப்பெயர் ஆரம்பித்துவிடும். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், "தலையைக் கொஞ்சம் படிய வாரிக்கோ" என்பார் பாட்டி. வேடிக்கை என்னவென்றால், சுருண்ட கூந்தலுக்கு 'அளகம்', 'சுரியல்' என்று தனிச் சொற்களே வைத்திருந்த மொழி நம்முடையது.

சினிமா இந்தப் பார்வையைக் கொஞ்சம் மாற்றியது. 2015-ல் வெளியான 'பிரேமம்' படத்தில் அனுபமா பரமேஸ்வரனின் சுருள் முடியை நம் ஊர் கல்லூரிப் பெண்களும் கொண்டாடினார்கள். நித்யா மேனன் தன் சுருட்டை முடியோடே நாயகியாக வலம்வருகிறார். 'எனக்கும் இதே முடிதானே' என்று கண்ணாடியைப் பார்த்தவர்கள் அதிகம். ஆனால், அந்த ஆசையோடு பார்லருக்குப் போனால் பழைய கேள்விதான் வரவேற்கிறது.

முதலில் உங்கள் முடியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகை அலங்கார நிபுணரான ஆண்ட்ரே வாக்கர் பிரபலமாக்கிய ஒரு வகைப்பாடு உலகம் முழுக்கப் பயன்படுகிறது. 1 என்றால் நேரான முடி. 2 என்றால் அலை அலையான முடி. 3 என்றால் சுருள். 4 என்றால் ஸ்பிரிங் போன்ற நெருக்கமான சுருள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஏ, பி, சி என்று பிரிவுகள். ஒரே தலையில் முன்பக்கம் அலையாகவும் பின்பக்கம் சுருளாகவும் இருப்பது சாதாரணம்.

எண்ணைவிட முக்கியமான சில தகவல்கள் உண்டு. பார்லர் போகும் முன் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

* தலைக்குக் குளித்த பிறகு முடி காய எவ்வளவு நேரம் ஆகிறது?
* கடந்த இரண்டு, மூன்று வருடங்களில் கலரிங், மருதாணி, ஸ்மூத்தனிங், ஸ்ட்ரெயிட்டனிங் ஏதாவது செய்தீர்களா?
* சமீபத்தில் முடி கொட்டுவது அதிகமாகியிருக்கிறதா? தைராய்டு, ரத்தசோகை, பிரசவம், கடும் காய்ச்சல் போன்ற காரணங்கள் உண்டா?
* தலைத்தோலில் அரிப்பு, பொடுகு, புண் இருக்கிறதா?
* தினமும் முடிக்கு எவ்வளவு நேரம் செலவிட முடியும்?

கடைசிக் கேள்வி முக்கியம். காலை ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு வேலைக்கு ஓடும் அம்மாவுக்கு, அரை மணி நேரம் ஜெல் தடவி உலர்த்தும் ஸ்டைல் எந்த நன்மையும் செய்யாது. அவர் வாழ்க்கைக்கு ஏற்ற கட்டிங் எது என்று யோசிப்பவர்தான் நல்ல ஸ்டைலிஸ்ட்.

போனிலேயே பாதி தெரிந்துவிடும்

நேரில் போகும் முன் ஒரு போன் போடுங்கள். இந்தக் கேள்விகள் போதும்.

'சுருட்டை முடிக்கு வெட்டிப் பழக்கம் உள்ளவர் யார், அவர் எந்த நாள் இருப்பார்?' - பெயர் சொல்லிப் பதில் வந்தால் நல்லது. 'எல்லாருமே செய்வாங்க மேடம்' என்றால் யோசியுங்கள்.

'ஈரத்தில் வெட்டுவீர்களா, காய்ந்த பிறகு வெட்டுவீர்களா?' - இரண்டிலுமே திறமையாக வெட்டுபவர்கள் உண்டு. ஈரத்தில் வெட்டினாலும், காய்ந்தால் எவ்வளவு ஏறும் என்று கணக்கிட்டு, உலர்ந்த பிறகு ஒருமுறை சரிபார்ப்பேன் என்று சொல்பவரை நம்பலாம்.

'டிஃப்யூசர் இருக்கிறதா?' - ஹேர் டிரையரின் முனையில் மாட்டும் கிண்ணம் போன்ற கருவி இது. காற்றைப் பரப்பிவிட்டு, சுருள் கலையாமல் காயவைக்கும். சுருட்டை முடிக்காரர்கள் வழக்கமாக வரும் பார்லரில் இது பெரும்பாலும் இருக்கும்.

'நீங்கள் வெட்டிய சுருட்டை முடியின் போட்டோக்கள் இருக்கின்றனவா?' - இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'முன்பு' படத்தில் சுருட்டை, 'பின்பு' படத்தில் நேர் முடி என்றே எல்லாம் இருந்தால், அவர்கள் சிறப்பு எதில் என்று புரிந்துவிடும். டாங் வைத்துச் செயற்கையாகச் சுருட்டிய முடியையும் 'கர்ல்ஸ்' என்றே போடுவார்கள். ஒரே அளவில், ஒரே திசையில் எல்லாச் சுருளும் இருந்தால் அது கருவியின் வேலை.

இன்னொரு வழியும் உண்டு. அலுவலகத்திலோ பஸ்ஸிலோ உங்களைப் போன்ற முடி உள்ள ஒருவர் அழகாக வெட்டியிருந்தால், "எங்க வெட்டுனீங்க?" என்று கேட்டுவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்!

நாற்காலியில் முதல் பத்து நிமிடம்

முதல்முறை போகும்போது முடியைக் கொண்டை போட்டுக்கொண்டோ, எண்ணெய் தேய்த்துக்கொண்டோ போகாதீர்கள். குளித்து, இயல்பாகக் காயவிட்டு, விரித்த முடியோடு போனால்தான் அதன் உண்மையான வடிவம் தெரியும்.

நல்ல ஸ்டைலிஸ்ட் கத்தரியை எடுக்கும் முன் கேள்விகளை எடுப்பார். முடியைத் தொட்டுப் பார்ப்பார். ஒரு சுருளை மெல்ல இழுத்துவிட்டு எப்படித் திரும்புகிறது என்று கவனிப்பார். என்ன ஷாம்பூ, என்ன எண்ணெய் என்று விசாரிப்பார். 'இவ்வளவு வெட்டப்போகிறேன்' என்று விரலால் காட்டுவார். நீங்கள் காட்டும் போட்டோ உங்கள் முடிக்கு ஒத்துவராது என்றால், அதையும் நேரடியாகச் சொல்வார்.

எப்போது எழுந்து வந்துவிடலாம்?

* காய்ந்த சுருட்டை முடியில் நெருக்கமான சீப்பை மேலிருந்து கீழே இழுத்தால்.
* 'இந்த முடியை மெயின்டெயின் பண்ணவே முடியாது' என்று பேச்சை ஆரம்பித்தால்.
* அடர்த்தியைக் குறைக்கிறேன் என்று கேட்காமலே தின்னிங் கத்தரியையோ ரேஸரையோ எடுத்தால். குட்டை குட்டையாக வெட்டுப்பட்ட முடிகள் மேலே எழும்பி, சிலுப்பலைக் கூட்டிவிடும்.
* என்ன தயாரிப்பு என்று கேட்டால் பாட்டிலைக் காட்ட மறுத்தால்.

'பாதியில் எப்படி எழுந்து வருவது' என்ற கூச்சம் வேண்டாம். "இன்னிக்கு வாஷ் மட்டும் போதும்க்கா, கட்டிங் யோசிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, செய்த வேலைக்குப் பணம் கொடுத்துவிட்டு வரலாம்.

முதல் தடவையே பெரிய மாற்றத்துக்குப் போகாதீர்கள். ஒரு அங்குலம் டிரிம் செய்யச் சொல்லுங்கள். இரண்டு முறை தலைக்குக் குளித்துப் பாருங்கள். வெட்டு உங்கள் கையிலும் படிந்தால், அடுத்தமுறை லேயர் கட்டுக்குப் போகலாம்.

கெரட்டின், நானோபிளாஸ்டி... பெயருக்குப் பின்னால் என்ன?

மெனு கார்டில் பெயர்கள் அழகாக இருக்கும். நடப்பது இதுதான்.

ரீபாண்டிங், ஸ்ட்ரெயிட்டனிங்: முடியின் உள்ளே இருக்கும் வலுவான கந்தகப் பிணைப்புகளை ரசாயனம் கொண்டு உடைத்து, அயர்ன் செய்து, நேரான வடிவத்தில் மறுபடி சேர்ப்பார்கள். பல இடங்களில் ஸ்மூத்தனிங் என்று சொல்வதும் இதேதான். செய்த முடி மறுபடி சுருளாது. புதிதாக வளர்வது சுருண்டு வரும். எனவே, சில மாதங்களுக்கு ஒருமுறை டச்-அப் தேவைப்படும்.

கெரட்டின் ட்ரீட்மென்ட்: பெயரைக் கேட்டால் சத்து ஏற்றுவதுபோல இருக்கும். ஆனால், இதில் பல தயாரிப்புகள் வேலைசெய்வது ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனத்தால். அல்லது, சூடுபடுத்தும்போது அதை வெளியிடும் பொருளால். ஃபார்மால்டிஹைடை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அறிவித்தது. லேபிளில் அந்தப் பெயரே இல்லாமல் 'மெத்திலீன் கிளைக்கால்', 'ஃபார்மலின்' என்றும் இருக்கலாம். அயர்ன் வைக்கும்போது கண் எரிந்து, தொண்டை கரகரத்தால், அது சாதாரண வாசனை அல்ல... எச்சரிக்கை.

'ஃபார்மால்டிஹைடு ஃப்ரீ': 'அப்படியானால் இது பாதுகாப்பு' என்று உடனே முடிவுசெய்ய வேண்டாம். நானோபிளாஸ்டி, ஹேர் போட்டாக்ஸ் என்ற பெயர்களில் வரும் பல தயாரிப்புகளில் கிளையாக்ஸிலிக் அமிலம் இருக்கிறது. இஸ்ரேலில் 2019 முதல் 2022 வரை, முடியை நேராக்கிக்கொண்ட பிறகு திடீர்ச் சிறுநீரகப் பாதிப்போடு மருத்துவமனைக்கு வந்த 26 பேரைப் பற்றி மருத்துவர்கள் 2023-ல் எழுதினார்கள். 2024-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழ் ஓர் இளம் பெண்ணின் கதையை வெளியிட்டது. அவருக்கு வயது 26. மூன்று முறை முடியை நேராக்கினார். மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அவருக்குப் பயன்படுத்திய கிரீமில் இருந்தது கிளையாக்ஸிலிக் அமிலம். தலைத்தோல் வழியாக உடலுக்குள் போய், சிறுநீரகத்தில் ஆக்ஸலேட் படிகங்களாகத் தங்குகிறது என்பதை எலிகளில் செய்த சோதனை காட்டியது.

நீண்டகால ஆபத்து பற்றியும் ஒரு பெரிய ஆய்வு உண்டு. அமெரிக்காவில் 33,000-க்கும் அதிகமான பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் கவனித்து, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். ரசாயனம் கொண்டு முடியை ஒருபோதும் நேராக்காதவர்களில், 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவிகிதம். வருடத்துக்கு நான்கு முறைக்கு மேல் நேராக்குபவர்களுக்கு அது 4.05 சதவிகிதம் என்று கணக்கிட்டார்கள். எந்த ரசாயனம் காரணம் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. இது ஒரு தொடர்பை மட்டுமே காட்டுகிறது, நேரடிக் காரணம் என்று நிரூபிக்கவில்லை. ஒருமுறை செய்துகொண்டவர்கள் பயந்து நடுங்கத் தேவையில்லை. அடிக்கடி செய்பவர்கள் யோசிக்க வேண்டும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள், தலைத்தோலில் காயம் உள்ளவர்கள் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது. குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

எல்லாம் தெரிந்தும் ஒருவர் நேராக்க விரும்பினால், அது அவரது உரிமை. ஆனால், பாட்டிலின் லேபிளைப் படித்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முடிக்கற்றையில் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். காற்றோட்டம் இருக்கிறதா, ஊழியர்கள் கையுறை, மாஸ்க் அணிகிறார்களா என்று பாருங்கள். நீங்கள் வருடத்துக்கு ஒருமுறை சுவாசிக்கும் அந்தப் புகையை, அங்கு வேலைசெய்யும் பெண் தினமும் சுவாசிக்கிறார். ஊழியர்களைப் பாதுகாக்காத இடம், வாடிக்கையாளரைப் பாதுகாக்கும் என்று எப்படி நம்புவது?

நேராக்கிய முடியிலிருந்து திரும்புபவர்களுக்கு...

வேரில் சுருட்டை, நுனியில் நேர் முடி. இந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் பலரை மறுபடி பார்லருக்கே துரத்துகிறது. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். எனவே, தோள்வரை இயல்பான முடி வர இரண்டு வருடங்களுக்கு மேல் ஆகலாம்.

வழிகள் இரண்டு. நேராக்கிய பகுதி முழுவதையும் ஒரேயடியாக வெட்டிவிடலாம். அல்லது, இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டலாம். எது உங்களுக்குச் சரி என்று பேசித் திட்டம் போட்டுக் கொடுப்பவரைத் தேர்ந்தெடுங்கள். 'ஒரே வாஷில் உங்கள் சுருளைத் திரும்பக் கொண்டுவருகிறேன்' என்பவரை அல்ல. ரசாயனத்தால் உடைந்த பிணைப்பை எந்த மாஸ்க்கும் பழைய சுருளாக்காது.

கல்யாணம், குழந்தைகள், ஆண்கள்

மணப்பெண் அலங்காரம் செய்பவர்களில் பலர் முதலில் முடியை அயர்ன் செய்துவிட்டே ஜடை பின்னுகிறார்கள். உங்கள் சுருள் தெரியும்படியே அலங்காரம் வேண்டும் என்றால் முன்பணம் கொடுக்கும் முன்பே சொல்லி, ஒரு டிரையல் கேளுங்கள். சுருட்டை முடியில் சவுரி நன்றாகப் பிடிக்கும். ஆனால் சவுரி, ஜடைபில்லை, பூ என்று எடை ஏறும்போது வேர் இழுபடும். முகூர்த்தம், வரவேற்பு என்று இரண்டு நாளும் தலைவலியோடு நிற்காமல் இருக்க, எடை குறைந்த அலங்காரத்தைக் கேளுங்கள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு புதிய ரசாயன ட்ரீட்மென்ட் எதையும் முயற்சி செய்ய வேண்டாம்.

பள்ளிக் குழந்தைகளுக்கு 'அடங்கவில்லை' என்று இரட்டை ஜடையை இழுத்துக் கட்டுவது வழக்கம். தினமும் இறுக்கிக் கட்டினால் நெற்றியோரம் முடி உதிரும். நீண்டகாலம் தொடர்ந்தால் அந்த இடத்தில் முடி திரும்ப வராமலே போகலாம். பின்னும்போது குழந்தை முகம் சுளித்தால், தளர்த்துங்கள். முடி வெட்டும் இடத்தில் குழந்தையின் முன்னாலேயே 'என்ன இப்படிப் பரட்டையா இருக்கு' என்று பேசுபவரிடம் அடுத்தமுறை அழைத்துப் போகாதீர்கள்.

ஆண்களுக்கும் இதே கதைதான். சுருட்டை என்றால் 'மெஷின் போட்டுடலாம்' என்பதே பல சலூன்களின் தீர்வு. பக்கவாட்டில் குறைத்து, மேலே சுருளை விட்டு, காய்ந்த முடியில் கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லையே?

சென்னை, கோவையில் தேடினால் கிடைத்துவிடும். தேனியிலோ அரியலூரிலோ இருப்பவர் என்ன செய்வார்? வழக்கமாகப் போகும் பார்லர் அக்காவையே உங்கள் முடிக்குப் பழக்கலாம். நல்ல மனதும் கேட்கும் காதும் இருந்தால் போதும். அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது நான்குதான்.

"காய்ஞ்ச முடியிலயே வெட்டுங்கக்கா."

"சீப்பு போடுறதுன்னா, கண்டிஷனர் போட்டு ஈரமா இருக்கும்போது, பெரிய பல்லு சீப்பால நுனியிலிருந்து மேல வாங்க."

"துண்டால தேய்க்காம, பழைய காட்டன் டி-ஷர்ட்டால ஒத்தி எடுங்க."

"முதல்ல கொஞ்சமா வெட்டுங்க, பார்த்துட்டு மறுபடி வெட்டலாம்."

வீட்டுப் பராமரிப்பும் பாதி வேலையைச் செய்துவிடும். செம்பருத்தி இலையை அரைத்தால் வரும் வழவழப்பு, சிக்கெடுக்க நல்ல இயற்கை கண்டிஷனர். ஆளி விதையைக் கொதிக்கவைத்து வடிகட்டினால் கிடைக்கும் ஜெல், சுருளைக் கலையாமல் பிடித்துவைக்கும். தேங்காய் எண்ணெய் விஷயத்தில் பாட்டி சொன்னது சரிதான். அது முடிக்குள் ஊடுருவி, புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-ல் வெளியான ஆய்வு காட்டியது. மினரல் ஆயிலும் சூரியகாந்தி எண்ணெயும் அந்த அளவுக்கு உதவவில்லை.

தவறு நடந்துவிட்டால்?

ரசாயனம் போடும்போது எரிச்சல் தாங்க முடியவில்லை என்றால், 'இன்னும் அஞ்சு நிமிஷம்' என்று சொன்னாலும் காத்திருக்காதீர்கள். உடனே கழுவச் சொல்லுங்கள். கொப்புளம், வீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் மருத்துவரிடம் போங்கள். ட்ரீட்மென்ட்டுக்குப் பிறகு சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, சிறுநீர் குறைவது போன்றவை தெரிந்தால், முடிக்கு என்ன செய்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவருக்குக் காரணம் பிடிபடும்.

பில், பாட்டில் லேபிள், முன்-பின் போட்டோக்கள், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டல் சலூனில், 2018-ல் சொன்னதற்கு மாறாக முடியைக் குட்டையாக வெட்டிவிட்டதாகப் பெண் ஒருவர் புகார் கொடுத்தார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2021-ல் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. சேவையில் குறைபாடு என்ற முடிவில் உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை. ஆனால், இவ்வளவு தொகைக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு, 2023 பிப்ரவரியில் வழக்கைத் திருப்பி அனுப்பியது. முடி வெட்டுவதில் நடக்கும் தவறும் சேவைக் குறைபாடுதான். ஆனால், இழப்பீட்டுக்கு ஆதாரம் வேண்டும்.

அடுத்தமுறை அப்பாயின்ட்மென்ட் போடும்போது, எவ்வளவு ரூபாய் என்று கேட்பதற்கு முன், "சுருட்டை முடி வெட்டத் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆள் வருவதற்குள் அந்த பார்லர் ஒருவருக்காவது பயிற்சி கொடுத்திருக்கும்!